அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு லினக்ஸ் சரிப்படுமா?

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே ஓடுவது விண்டோஸ் 10. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை, புதிது வாங்க இப்போது வழியுமில்லை.

போன ஞாயிறு, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை உடனே பிடித்தது. “பழசு மாதிரியேதான் இருக்கு” என்றார் அப்பா. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த மனுவைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் பத்து வருடப் பிரின்டர் மட்டும் அசையவே இல்லை. ஜெராக்ஸ் கடையில் பிரின்டர் ஓடாவிட்டால் மற்றதெல்லாம் இருந்து என்ன?

பழைய லேசர் பிரின்டரை லினக்ஸில் ஓட வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்பாவுக்குப் பழைய டைப்ரைட்டர் விசைமுறைதான் கைவந்தது. அதே முறையில் யூனிகோடில் (தனி எழுத்துரு போடாமலே எங்கும் தெரியும் பொதுக் குறியீட்டில்) அடிக்க எதை நிறுவுவது? இல்லை, பிரின்டருக்காக விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனமா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் நேரில் வந்தால் இன்னும் நல்லது. டீ நம்ம செலவு.