அந்தமானுக்குக் கப்பலா, விமானமா? நைனா, அம்மாவோடு போகிறோம்

தண்டையார்பேட்டை மணி:
வணக்கம். தை கடைசியில் நைனாவையும் அம்மாவையும் அந்தமான் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். நைனா சென்னை ஆர்பரில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். எந்தெந்த ஊருக்கோ போகிற கப்பலுக்கெல்லாம் சரக்கு ஏற்றியிருக்கிறார், ஒன்றில்கூட ஏறிப் பயணம் போனதில்லை. இப்போதும் சாயங்காலம் காசிமேடு பக்கம் நடக்கப் போனால், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலைப் பார்த்து, தண்ணிக்கு மேல் அடிப்பக்கத்துச் சிவப்பு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே அது காலியா, லோடோடு நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். அதனால் கப்பலில் கூட்டிப்போக எனக்கு ஆசை. ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி, சுகரும் உண்டு. விமானத்தில் போனால் இரண்டேகால் மணி நேரம்தானே என்று தங்கச்சி சண்டை போடுகிறாள். மொத்தம் பத்து நாள் லீவு. போனவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் செல்வி:
போகும்போது கப்பல், வரும்போது விமானம். என் மாமியாரை அப்படித்தான் கூட்டிப்போனேன். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், போக வர இரண்டுமே கப்பல் என்றால் உங்கள் லீவில் பாதிக்கு மேல் கடலிலேயே போய்விடும். பங்க் கிளாஸ் மலிவு, ஆனால் பெரிய ஹாலில் அடுக்குக் கட்டில், பாத்ரூம் எல்லாருக்கும் பொது. அம்மாவுக்காகக் கேபின் போடுங்கள், கீழ் பெர்த் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் தேதி சில சமயம் தள்ளிப்போகும், அதனால் அங்கே ரூமும் திரும்பும் விமானமும் ஒன்றிரண்டு நாள் இடம் விட்டுப் போடுங்கள். நாங்கள் இடம் விடாமல் போட்டு ஒரு ராத்திரி ரூம் காசை இழந்தோம். சாப்பாடு உள்ளேயே கிடைக்கும், ஆனாலும் அம்மாவுக்குச் சுகர் என்பதால் பொட்டுக்கடலை, பிஸ்கட், மாத்திரை எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போய்விடும். மறுநாள் காலையில் மேல்தளத்துக்குப் போனால் கம்பியெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு, தண்ணி நம் கரையோரம் பார்க்கிற நிறமே இல்லை, மை கொட்டிய மாதிரி கருநீலம். கோலா மீன் கூட்டமாக எழும்பிப் பறந்தது. மாமியார் அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காசிமேட்டுக்காரன்:
தை கடைசி என்பது நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், அப்போது புயல் காலம். மாசி, பங்குனியில் இன்னும் அடங்கியிருக்கும். கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பக்கம், கீழ்த்தளம் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையை ஆட்டம் ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, முன்னாலேயே போட வேண்டும். அம்மா வேறு மாத்திரைகள் சாப்பிடுவதால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தலை சுற்றினால் படுக்கவும், இல்லை வெளியே வந்து கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்க்கவும். வெறும் வயிற்றோடு மட்டும் இருக்கக் கூடாது.

தீவுத் தமிழன்:
நான் புளியந்தோப்பு, இப்போது வேலை போர்ட் பிளேயரில். 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாயிற்று, டிக்கெட்டில் அப்படி இருந்தால் குழம்பாதீர்கள். ஹேவ்லாக் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப். செல்லுலர் ஜெயில் திங்கள் லீவு, ராஸ் தீவு புதன் லீவு, அதைப் பார்த்து நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஹேவ்லாக்குக்குத் தனியார் படகு சீக்கிரம் போகும், ஆனால் அது பெரும்பாலும் ஏசி போட்டு மூடியது. உங்கள் நைனாவுக்கு அரசுப் படகுதான் சரி, மெதுவாகப் போனாலும் மேலே நின்று பார்த்துக்கொண்டு வரலாம். ராதாநகர் கடற்கரை இருவருக்கும் பிடிக்கும். நீலில் இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை வளைவு உண்டு, தண்ணி வற்றுகிற நேரத்தில் வழுக்குப் பாறைமேல் நடக்க வேண்டும், முட்டி வலிக்காரருக்கு ஆகாது. பாராடாங் தீவையும் விட்டுவிடுங்கள். விடியலுக்கு முன்னே கிளம்ப வேண்டும், படகிலிருந்து இறங்கியும் அங்கே இருக்கிற சுண்ணாம்புக் குகை வரை நல்ல நடை. அங்கே போகிற ரோடு ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காட்டுக்குள் போகிறது, அவர்களைப் படம் எடுப்பது குற்றம். வேடிக்கை பார்க்கவென்று அங்கே போகவே கூடாது என்பது என் எண்ணம்.

இங்கே ஐந்தரை, ஆறு மணிக்குள் இருட்டிவிடும், சுற்றிப் பார்ப்பதைக் காலையிலேயே ஆரம்பியுங்கள். கடற்கரையில் கிடக்கும் சிப்பி, பவளத்தை எடுத்துப் பையில் போடாதீர்கள், ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள். பாஷைக் கவலை வேண்டாம், ஊரில் தமிழ்க்காரர்கள் நிறைய. அம்மாவை வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள்.

தண்டையார்பேட்டை மணி:
எல்லாருக்கும் நன்றி. போகக் கப்பல், திரும்ப விமானம், நடுவில் இரண்டு நாள் சும்மா விட்டு வைக்கிறேன். தங்கச்சியும் ஒத்துக்கொண்டாள். கேபின் கிடைத்ததும் இங்கே வந்து சொல்கிறேன். நைனாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் எந்தக் கப்பல், எத்தனை டன், எந்த பெர்த்தில் நிற்கிறது என்று இன்றைக்கே விசாரிக்கக் கிளம்பிவிடுவார்.