கூழாங்கல்லில் அடித்த பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது

கேள்வி: கூழாங்கற்களில் அக்ரிலிக் பெயிண்ட் அடித்து, பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போட்டு, வார்னிஷ் பூசிப் பூந்தொட்டி மண்மேல் வைத்தேன். பிரஷ்ஷால் வார்னிஷ் இழுத்ததுமே கோடெல்லாம் கலைந்துவிட்டது. மூன்று வாரத்தில் அடி விளிம்பிலிருந்து பெயிண்ட் உரிகிறது. கல்லைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடித்தேன். எங்கே தப்பு?

பதில் 1: துடைத்ததோடு நிறுத்தியதுதான் தப்பு. துணியால் துடைத்தால் மேல் ஈரம் போகும். நுண்துளைக்குள் ஊறிய நீர் அப்படியே இருக்கும். அது பிறகு வெளியேறும்போது பெயிண்ட் படலத்தைத் தூக்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்த்து, வழுவழுப்பு போக அலசி, 24 மணி நேரமாவது காயவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். கண்ணாடி போல வழுக்கும் கல்லென்றால் 220 நம்பர் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேயுங்கள். தூசி பறக்காது, பெயிண்டுக்கும் பிடி கிடைக்கும். அடிப்பூச்சாக வெள்ளையை மெலிதாக இரண்டு முறை அடியுங்கள். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் மேலே காய்ந்தும் உள்ளே பச்சையாகவே இருக்கும்.

பதில் 2: கோடு கலைந்ததற்குக் காரணம் வேறு. பெர்மனன்ட் மார்க்கர் மை தண்ணீரில் கரையாதே தவிர, வார்னிஷில் உள்ள கரைப்பானில் கரையும். அக்ரிலிக் மார்க்கருக்கு மாறுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் ஸ்ப்ரே வார்னிஷை 25–30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பனி படிவதுபோல் அடியுங்கள். அரை மணி இடைவெளியில் மூன்று பூச்சு போதும். முதல் பூச்சு சொட்டச் சொட்ட இருந்தால் எந்த மையும் தாங்காது. மழை நாளில் அடித்தால் வார்னிஷ் வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

பதில் 3: அடிப்பக்கத்தை யாரும் சொல்லவில்லையே! ஈர மண் படுவது அங்கேதான். அடியிலும் வார்னிஷ் பூசி, மண்மேல் கொஞ்சம் சரளை பரப்பி அதன்மேல் கல்லை வையுங்கள். வெள்ளைப் பசையை மேல்பூச்சாகப் பூசுகிறவர்கள் உண்டு. தண்ணீர் பட்டால் அது வெளுத்து இளகிவிடும், வீட்டுக்குள் வைக்கும் கல்லுக்கு மட்டும் சரி.

கேள்வி கேட்டவர்: உரிந்த கல்லின் மேலேயே மறுபடி அடிக்கலாமா?

பதில் 1: கூடாது. ஒட்டாமல் நிற்கும் பழைய படலத்தோடு புதியதும் சேர்ந்து வரும். சுடுநீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து முழுக்கச் சுரண்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.