புது எஸ்டி கார்ட் மாத்தின பிறகு ராஸ்பெரி பை எழும்புதில்லை, உதவி தேவை

கிணத்தடி, உரும்பிராய்:
வணக்கம். பெரியப்பாவின்ரை வெங்காயத் தோட்டத்துக் கிணத்துக்கு ஒரு ராஸ்பெரி பை 4 (கையளவுக் கம்ப்யூட்டர்) பூட்டியிருக்கிறன். ஓஎஸ், ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின்ரை பழைய புல்ஸ்ஐ பதிப்பு. தண்ணி ஒரு மட்டத்துக்குக் கீழை போனா மோட்டரை நிப்பாட்டும். எங்கடை சுண்ணாம்புக்கல் நிலத்திலை கணக்கில்லாமல் இறைச்சா கிணறு உவராகிடும், தெரியும்தானே.

16 ஜிபி கார்ட் லொக் ஃபைலாலை (தண்ணி மட்டத்தைப் பதியுற ஃபைல்) நிரம்பிப்போச்சு. 64 ஜிபி ஒண்டு வாங்கி, ஜிபார்ட்டட் (கார்டைப் பிரிக்கிற மென்பொருள்) பென்டிரைவாலை லப்டொப்பை எழுப்பி, புதுக் கார்டிலை பார்ட்டிஷன் டேபிள் (கார்டை எப்பிடிப் பிரிச்சிருக்கெண்ட பட்டியல்) போட்டு, ரெண்டு பார்ட்டிஷனையும் கொப்பி பண்ணினன். ரெண்டாவதைக் கடைசி மட்டும் இழுத்தும் விட்டன். பையிலை கொழுவினா வானவில் திரை வருது, எழுத்து ஓடுது, பிறகு 'வெயிட்டிங் ஃபோர் ரூட் டிவைஸ்' எண்டு நிக்குது. அரை மணித்தியாலம் பாத்தன், அசையேல்லை.

விண்டோஸிலை போட்டா ஃபோர்மாட் செய்யவோ எண்டு வேறை கேக்குது. குடுக்கட்டோ?

கொக்குவில் பொடியன்:
பவர் சப்ளையாத்தான் இருக்கும். ஃபோன் சார்ஜரிலை ஓட்டுறீங்களோ? பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேணும்.

கிணத்தடி:
அதுக்கெண்டே வாங்கின சார்ஜர்தான். பழைய கார்ட் அதிலையே ஓடுது.

ரெர்மினல் அக்கா:
தம்பி, ஃபோர்மாட்டுக்கு மட்டும் ஓம் எண்டு குடுத்திடாதேங்கோ! ரெண்டாவது பார்ட்டிஷன் எக்ஸ்ட்4 எண்ட லினக்ஸ் வகை. விண்டோஸுக்கு அது வாசிக்கத் தெரியாது, அதாலைதான் வெறுங்கார்ட் எண்டு நினைச்சுக் கேக்குது.

எழுத்து ஓடுதெண்டா கேர்னல் (ஓஎஸ்ஸின்ரை மூலப் பகுதி) ஏறிட்டுது. அப்ப முதல் ஃபாட்32 பார்ட்டிஷன் சுகமா இருக்கு. ரூட்டைத்தான், அதாவது ஓஎஸ் இருக்கிற ரெண்டாவது பார்ட்டிஷனைத்தான், தேடிக்கொண்டு நிக்குது. ஜிபார்ட்டட் ரெர்மினலிலை பிஎல்கேஐடி எண்ட கட்டளையை அடிச்சு, ரெண்டாவது பார்ட்டிஷனின்ரை பார்ட்யூயூஐடி (அடையாள இலக்கம்) என்னெண்டு பாருங்கோ. முதல் பார்ட்டிஷனிலை இருக்கிற சிஎம்டிலைன் டெக்ஸ்ட் ஃபைலிலை 'ரூட்' எண்டதுக்குப் பிறகு என்ன இருக்கெண்டும் பாத்துச் சொல்லுங்கோ.

கிணத்தடி:
கார்டிலை 90625513-02. ஃபைலிலை 48317092-02. ரெண்டும் வேறை!

ரெர்மினல் அக்கா:
அதுதான் கோளாறு. கோட்டுக்கு முன்னாலை இருக்கிற எட்டு எழுத்தும் பார்ட்டிஷனுக்குச் சொந்தமில்லை, கார்டின்ரை எம்பிஆரிலை (கார்டின்ரை முதல் துண்டு, டேபிள் இருக்கிற இடம்) இருக்கிற டிஸ்க் அடையாளம். 02 எண்டது எத்தினையாம் பார்ட்டிஷன் எண்டது. நீங்கள் புது டேபிள் போட்டவுடனை அடையாளமும் புதுசாகிட்டுது. வீடு மாறிப்போனவரைப் பழைய விலாசத்திலை தேடுற மாதிரித்தான். முழுக் கார்டையும் டிடி கட்டளையாலை ஒரேயடியாக் கொப்பி பண்ணியிருந்தா எம்பிஆரும் சேந்து வந்திருக்கும், இந்தக் கரைச்சல் இல்லை.

சிஎம்டிலைனிலை புது இலக்கத்தைப் போடுங்கோ. கவனம், அந்த ஃபைல் முழுக்க ஒரே வரி. இடையிலை என்டர் தட்டினா வேறை பிரச்சினை துவங்கும்.

கிணத்தடி:
அக்கா, மாத்தினன். முந்தியை விட நல்லாத் தூரம் போகுது. ஆனா ஒரு இடத்திலை 1 நிமிசம் 30 செக்கன் எண்டு எண்ணி முடிச்சிட்டு எமர்ஜென்சி மோட் எண்டுது, ரூட் அக்கவுன்ட் பூட்டியிருக்காம். கீபோர்டிலை என்ன தட்டினாலும் பயனில்லை.

ரெர்மினல் அக்கா:
அட, எஃப்எஸ்டாப் ஃபைலைச் (எந்தப் பார்ட்டிஷனை எங்கை ஏத்துறதெண்ட பட்டியல்) சொல்ல மறந்திட்டன், என்ரை பிழை. ரெண்டாவது பார்ட்டிஷனிலை இடிசி ஃபோல்டருக்குள்ளை இருக்கு. அதிலையும் பழைய இலக்கம் ரெண்டு வரியிலை கிடக்கும், முதலாவதான பூட் பார்ட்டிஷனுக்கு 01, ரூட்டுக்கு 02. ரெண்டையும் மாத்துங்கோ. பூட் பார்ட்டிஷன் வருமெண்டு தொண்ணூறு செக்கன் காத்திருந்து அலுத்துத்தான் எமர்ஜென்சிக்குப் போகுது. விண்டோஸிலை இதைச் செய்யேலாது, திரும்பவும் பென்டிரைவாலைதான் எழுப்ப வேணும்.

கொக்குவில் பொடியன்:
நான் சார்ஜர் எண்டு சொன்னதை மறந்திடுங்கோ. 😅

கிணத்தடி:
எழும்பிட்டுது! டிஎஃப் (இடம் எவ்வளவெண்டு காட்டுற கட்டளை) அடிச்சுப் பாத்தன், ரூட் 58 ஜிபி காட்டுது. மெத்தப் பெரிய உபகாரம் அக்கா.

ரெர்மினல் அக்கா:
சந்தோசம். பழைய கார்டை ஒரு கிழமைக்கு அழிக்காதேங்கோ. அந்த லொக்குக்கும் ஒரு அளவு வையுங்கோ தம்பி, தண்ணி மட்டத்தைச் செக்கனுக்கு ஒருக்கா எழுதி என்ன செய்யப் போறியள்? லொக்ரொட்டேட்டிலை (லொக்கை வெட்டிப் பழசை அழிக்கிற மென்பொருள்) கிழமைக்கு ஒருக்கா வெட்டச் சொல்லிவிட்டாக் காணும்.

கிணத்தடி:
செக்கனுக்கு ஒருக்காத்தான் எழுதினது, எப்பிடிக் கண்டுபிடிச்சியள்? இப்ப பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எண்டு மாத்திட்டன்.