வில்லியம் ஃப்ளை: ஒரு மாதக் கடற்கொள்ளையன், பிடிபட்டது எப்படி?

தேக்கா வாசி: நூலக வாசகர் வட்டத்துல அடுத்த வாரம் இவனைப் பத்திப் பேசணும். கப்பல்ல கலகம் பண்ணினது 1726 மே 27, தூக்கு ஜூலை 12, போஸ்டன். நடுவுல எங்கே சறுக்கினான்?

பிடோக் மீனவன்: ஆள் பற்றாக்குறை, வேறென்ன. அவன் கலகம் செய்த 'எலிசபெத்' ஓர் அடிமை வணிகக் கப்பல். கேப்டன் ஜான் கிரீனைக் கடலில் தள்ளிவிட்டு 'ஃபேம்ஸ் ரிவெஞ்ச்' என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் பிடிக்கிற கப்பல்களில் இருந்தெல்லாம் கைதிகளைச் சேர்த்துக்கொண்டான். இன்னொரு கப்பலைத் துரத்தத் தன் ஆட்களில் பாதியை அனுப்பியபோது, மிஞ்சியவர்களைவிடக் கைதிகள் அதிகம். அட்கின்சன் என்ற கைதி முன்பக்கம் நின்று, "அதோ, இன்னும் பாய்கள் தெரியுது" என்றான். வாளைப் பின்தளத்திலேயே விட்டுவிட்டு ஃப்ளை பார்க்க வந்தான். அமுக்கிவிட்டார்கள்.

தேக்கா வாசி: தூக்குக்கயிறு கதை நிஜமா அண்ணே?

பிடோக் மீனவன்: ஆமாம். தொழில் தெரியாதவன் என்று தூக்கிலிடுபவனைத் திட்டி, முடிச்சைத் தானே திருத்திப் போட்டான். வீறாப்புதான், கை நடுங்கியது என்று பாதிரியார் காட்டன் மேதர் எழுதிவைத்திருக்கிறார். மேதர் அவனை மனந்திரும்பச் சொல்லித் தோற்றவர், அதையும் மனசுல வெச்சுப் படிங்க. ஃப்ளையோ, மாலுமிகளை வதைக்காதீர்கள், கூலியை ஒழுங்காகக் கொடுங்கள் என்று கேப்டன்களை எச்சரித்தான்.

சாங்கி காற்று: உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டது துறைமுக வாயிலில், நிக்ஸஸ் மேட் தீவில். உள்ளே வரும் ஒவ்வொரு மாலுமி கண்ணிலும் படணும், அதான் கணக்கு. தீவு இப்போது அரித்துப்போய்விட்டது; நம்ம சிங்கப்பூர் சுல்தான் ஷோல் மாதிரி கலங்கரை விளக்கம்கூட இல்லை, கறுப்பு வெள்ளைக் கூம்பு அடையாளம் ஒன்றுதான்.