ஆயுத பூஜைப் பொரியும் கொரிந்து கறிக்கடையும்: சூழல் தெரியாமல் வசனத்தை வாசிக்கலாமா?

பெரோயா வாசகன்:
எங்கள் சபை வேதபாடத்தில் ஒரு கேள்வி வந்தது. ஆயுத பூஜைக்கு ஆபீஸில் ஆளுக்கொரு பொட்டலம் பொரியும் சுண்டலும் கொடுக்கிறார்களே, வாங்கலாமா? பாஸ்டர் அப்போஸ்தலர் நடபடிகள் 15:29ஐ வாசித்தார். விக்கிரகங்களுக்குப் படைத்ததற்கு விலகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். பின்வரிசையில் ஒரு பையன் 1 கொரிந்தியர் 10:25ஐ எடுத்தான். கடையில் விற்கிற எதையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று பவுல் சொல்கிறாரே? பதில் வரவில்லை. ஜெபம் செய்து முடித்துவிட்டார்கள்.

பவுல் இந்த நிருபத்தை எழுதி அனுப்பிய கொரிந்து என்ற கிரேக்க ஊர் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வாசிப்பதால்தான் இந்த இரண்டு வசனமும் மோதுகிற மாதிரி தெரிகிறது. கி.மு. 146இல் ரோமர்கள் இடித்துத் தள்ளிய நகரம் அது. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அங்கே மறுபடி ஆட்களைக் குடியேற்றினார். பவுல் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார். அவர் நியாயாசனத்துக்கு முன் நின்றபோது அதிபதியாக இருந்த கல்லியோனின் காலம் ஏறக்குறைய கி.பி. 51-52 என்று கிரேக்க நாட்டுத் தெல்பியில் கிடைத்த கல்வெட்டை வைத்துக் கணிக்கிறார்கள்.

அந்த ஊரில் பலியிட்ட மிருகத்தின் ஒரு பங்கு பலிபீடத்தில் எரியும், ஒரு பங்கு பூசாரிக்குப் போகும், மற்றது விருந்துக்கு. மிஞ்சுவது சந்தைக்கு வந்துவிடும். கடையில் தொங்குகிற தொடைக்கறி எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் விசாரிக்க வேண்டாம் என்கிறார். அதே நிருபத்தில் 8:10இல், விக்கிரகக் கோயிலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டிக்கிறார். கொரிந்தில் கிரேக்கரின் வைத்திய தெய்வமான அஸ்கிளேபியஸின் கோயிலை ஒட்டித் தோண்டியபோது மூன்று சாப்பாட்டு அறைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் சுவரோரமாகப் பதினொரு பேர் சாய்ந்து சாப்பிட இடம் இருந்தது. ஆக, கோயில் பந்தி வேறு, கடைக்கறி வேறு. நம் பொரி எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

மேய்ப்பனின் கோல்:
தம்பி, 1896இல் அமெரிக்கர்கள் கொரிந்தில் தோண்ட ஆரம்பிக்கும் வரை சபைக்கு இந்த வசனம் புரியவே இல்லையா? அதற்கு முன் இருந்த பதினெட்டு நூற்றாண்டு விசுவாசிகள் என்ன செய்தார்கள்? எங்கள் ஊரில் எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் தெல்பி கல்வெட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வீர்களா?

இன்னொன்று. நீங்கள் சொல்லும் அந்த அறைகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டியவை. பவுல் காலத்தில் அங்கே பந்தி நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒத்த கருத்து கிடையாது. அசையாத வசனத்தை விட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசுகிற ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டால் நாளைக்கு என்ன ஆகும்?

வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பெர்கமு சபையையும் தியத்தீரா சபையையும் படைத்ததைச் சாப்பிடுகிற இதே காரியத்துக்காக ஆண்டவரே கண்டிக்கிறார். அங்கே ‘கடையில் வாங்கினால் பரவாயில்லை’ என்று எங்கேயாவது இருக்கிறதா?

பெரோயா வாசகன்:
ஐயா, அந்தப் பாட்டியிடம் நான் கல்வெட்டைக் கேட்கவில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கிறவரிடம்தான் கேட்கிறேன். நிருபம் ஒரு கடிதம். கொரிந்தியர் எழுதிக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் என்று பவுலே 7:1இல் ஆரம்பிக்கிறார். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் பதிலை மட்டும் சட்டமாக்குவது, போனில் ஒரு பக்கம் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு வழக்கை முடிப்பது போல.

அந்த அறைகளை விட்டுவிடலாம். எகிப்தில் ஆக்சிரின்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டில், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஒரு சின்னத் துண்டு கிடைத்தது. கைரேமோன் என்பவர் அனுப்பிய அழைப்பு. நாளை 15ஆம் தேதி ஒன்பதாம் மணி வேளையில், செராபிஸ் ஆண்டவரின் பந்தியில், செராபிஸ் கோயிலில் சாப்பிட வரும்படி கேட்கிறார். இது ஒரு சாதாரண வீட்டு விசேஷ அழைப்பிதழ் மாதிரிதான் இருக்கிறது. 10:21இல் பவுல் ‘பேய்களுடைய போஜனபந்தி’ என்று எதைச் சொல்கிறார் என்பது இதை வாசித்தால் கண்முன்னே வருகிறது.

அப்புறம், அப்போஸ்தலர் 15:29இல் இரத்தமும் இருக்கிறதே ஐயா. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடாத சபையார் நம் பக்கத்தில் எத்தனை பேர்?

மேய்ப்பனின் கோல்:
என் வீட்டில் ரத்தம் சமைப்பதே இல்லை. ஆக, அந்தக் கேள்வி என்னிடம் செல்லாது.

கைரேமோன் எகிப்துக்காரர். கொரிந்தைப் பற்றிப் பேச எகிப்துக்கு ஏன் போகிறீர்கள்?

லீதியாள்:
இரண்டு பேரும் கொரிந்தையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். என் பெயர்க்காரி, அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் லீதியாளின் ஊரான தியத்தீராவுக்கு ஒருமுறை வாருங்கள். அது தொழிலாளர்களின் ஊர். சாயம் தோய்ப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், ரொட்டி சுடுபவர்கள், செம்பு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகச் சங்கம் இருந்ததை அந்த ஊர்க் கல்வெட்டுகளில் பார்க்கலாம். அக்காலத்தில் இப்படிப்பட்ட சங்கங்கள் கூடினால் தெய்வத்துக்குப் படையல் இருக்கும், சேர்ந்து சாப்பிடுவதும் இருக்கும். வரமாட்டேன் என்றால் தொழிலில் தனித்துப்போக வேண்டியதுதான். வெளிப்படுத்தல் 2:20 இந்த நெருக்கடியைத்தான் தொடுகிறது என்று பல உரைகாரர்கள் சொல்கிறார்கள்.

இப்போது எங்கள் பட்டறையைப் பாருங்கள். மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, முதலாளி தன் கையால் பொரி கொடுப்பார். இது கொரிந்து கறிக்கடை மாதிரி இருக்கிறதா, தியத்தீரா சங்கம் மாதிரி இருக்கிறதா? எனக்குத் தியத்தீராவாகத்தான் தெரிகிறது. பெரோயா பிரதர், சூழலைத் தோண்டினால் உங்கள் பக்கம்தான் சாயும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பாஸ்டர் சொன்னதுதான் இன்னும் பலமாக வருகிறது.

மேய்ப்பனின் கோல்:
நன்றாகச் சொன்னீர்கள் சிஸ்டர். கல்வெட்டு இல்லாமலே நான் போய்ச் சேர்ந்த இடம்தான் அது.

லீதியாள்:
ஐயா, முழுசாக அந்த இடம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கொடுக்கிற சர்க்கரைப் பொங்கலையும் நீங்கள் அதே வசனத்தால் திருப்பி அனுப்புவீர்கள். நான் அனுப்பமாட்டேன். அது 10:27, அவிசுவாசி அழைத்தால் முன்வைப்பதைச் சாப்பிடுங்கள் என்பது. பூஜையில் நிற்பதும் வீட்டுக்கு வந்ததைச் சாப்பிடுவதும் ஒன்று இல்லை என்பதைக் கொரிந்து பின்னணிதான் எனக்குக் காட்டியது.

மேய்ப்பனின் கோல்:
சரி, சரித்திரமே பேசலாம். சுமார் 112இல் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் அதிபதி பிளினி, ரோம ராயன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டிக்க ஆரம்பித்த பிறகு பலி இறைச்சி மறுபடி விற்பனையாகிறது, அதுவரை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது என்கிறார். அந்த ஊர் விசுவாசிகள் கடைக்கறியைக்கூட வாங்கவில்லை என்றுதானே அர்த்தம்? விக்கிரகத்துக்குப் படைத்ததிலிருந்து கண்டிப்பாக விலகுங்கள் என்று ஆதிச்சபையின் உபதேச நூலான திதாகேயிலும் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டுச் சபை எழுத்தாளர் ஜஸ்டினும் அதையே சொல்கிறார். பவுலுக்குக் கிட்டத்து ஆட்கள் இவர்கள். அவர்களுக்குத் தெரியாத சூழலா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

பெரோயா வாசகன்:
இப்போது நீங்களும் தோண்ட ஆரம்பித்துவிட்டீர்கள் ஐயா, சந்தோஷம்! பிளினி பித்தினியாவைப் பற்றி எழுதினார். எகிப்து கொரிந்து ஆகாது என்றால் பித்தினியா மட்டும் எப்படி ஆகும்?

ஜஸ்டினின் நூலிலேயே இன்னொரு விஷயமும் உண்டு. இயேசுவை அறிக்கையிடுகிற பலர் படைத்ததைச் சாப்பிடுகிறார்களே என்று அவரோடு வாதாடுகிற யூதர் திரிப்போ குற்றம் சாட்டுகிறார். அவர்கள் உண்மையான சீஷர்கள் இல்லை என்று ஜஸ்டின் மறுக்கிறார். அப்படியென்றால் 2ஆம் நூற்றாண்டிலும் சபைக்குள் இந்தச் சண்டை ஓயவில்லை. பவுலை எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

மேய்ப்பனின் கோல்:
கள்ள உபதேசக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். போகட்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் சிஸ்டர். பூஜைக்கு நீங்கள் போகவில்லை. மறுநாள் உங்கள் மேஜையில் பொட்டலம் இருக்கிறது, மேலே குங்குமம் ஒட்டியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

லீதியாள்:
தொடமாட்டேன். படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே என்கிறது 10:28. குங்குமமே சொல்லிவிட்டதே ஐயா.

பெரோயா வாசகன்:
அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள் சிஸ்டர். மனச்சாட்சி என்று நான் சொல்வது உன்னுடையதை அல்ல, மற்றவனுடையதை என்கிறார் பவுல். குங்குமத்துக்கு ஏது மனச்சாட்சி? போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவர் பக்கத்து மேஜையில் இருந்தால் நானும் தொடமாட்டேன். யாரும் இல்லை என்றால் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.