எஃப்ஜி800 கிட்டாருக்கு அப்புறம் எது? 2.5 லட்சத்துக்குள்ள, மதுரை வெயிலயும் கணக்குல வச்சு சொல்லுங்க

வைகைத்தந்தி:

வணக்கம். இப்ப கையில இருக்கிறது யமஹா எஃப்ஜி800. மேல்பலகை மட்டும் ஸாலிட் (முழு மரம்), முதுகும் பக்கமும் லேமினேட் (மெல்லிய அடுக்குகள ஒட்டுனது). முக்கால்வாசி ஃபிங்கர்ஸ்டைல் (விரலால மீட்டுறது), மிச்சம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல ஸ்ட்ரம்மிங் (எல்லாக் கம்பியையும் சேத்து அடிக்கிறது). பட்ஜெட் 2.5 லட்சம், அதுக்கு மேல ஏறாது. மனசுல மூணு இருக்கு: செகண்ட்ஹேண்ட் மார்ட்டின் டி-18, டெய்லர் 314சிஇ, யமஹா எல்எல்16.

வீடு அண்ணாநகர், ஒரு ரூம்ல மட்டும் ஏசி. ரோஸ்வுட்டா மஹோகனியா? முழு ஸாலிட் கிட்டார் நம்ம ஊரு கத்திரி வெயிலுக்குத் தாங்குமா? இந்த விலையில ரெண்டு மூணு கிட்டார ஒண்ணா வச்சு வாசிச்சுப் பார்க்க சென்னைதான் போகணும். ஒரே நாள்ல எப்படி முடிவு பண்றது?

---

ஆறாங்கம்பி:

தம்பி, மரத்தக் கடைசியா வைங்க. மொதல்ல உடம்பு அளவு, அப்புறம் நட் (கழுத்து நுனியில கம்பி உக்கார்ற பட்டை) அகலம், அப்புறம் ஸ்கேல் (அதிர்ற கம்பியோட நீளம்). இந்த மூணும் உங்க கைக்குப் பொருந்தலன்னா எந்த மரமும் காப்பாத்தாது.

நீங்க சொன்ன டி-18 ட்ரெட்நாட், அதாவது அகலமான பெரிய உடம்பு. கீழ்வயிறு 40 செ.மீ. கிட்ட வரும். ஸ்ட்ரம்மிங்குக்கு ராஜா. ஃபிங்கர்ஸ்டைல்ல பேஸ் முன்னால வந்து நின்னு, மேல் கம்பில வாசிக்கிற மெலடிய அமுக்கும். எல்எல்16-உம் பெரிய உடம்புதான். அதே வரிசையில எல்எஸ்16-னு சின்ன உடம்பு இருக்கு, உங்க வாசிப்புக்கு அதுதான் பக்கத்துல வருது. ஏனோ அத யாரும் கேக்கிறதே இல்ல. 314சிஇ கிராண்ட் ஆடிட்டோரியம், இடுப்பு ஒடுங்கினது. ரெண்டு வேலைக்கும் நடுவுல நிக்கும்.

நட் அகலம் ஃபிங்கர்ஸ்டைலுக்கு 44 மி.மீ. வேணும். எஃப்ஜி800-ல 43. ஒரு மி.மீ.தானேன்னு தோணும், கம்பிக்கு நடுவுல விரல் நுனி இறங்குறப்ப வித்தியாசம் தெரியும். இப்ப வர்ற டி-18, 314சிஇ ரெண்டுலயும் 44.5 (பழைய டி-18 பலதுல 42.9), எல்எல்16-ல 44. மார்ட்டின் 15 வரிசையில பல மாடல் 42.9-லயே வந்திருக்கு, முழு மஹோகனி நல்லாருக்குன்னு கண்ண மூடி வாங்கிராதீங்க.

ஸ்கேல்: டி-18 25.4 அங்குலம், 314சிஇ 25.5. மார்ட்டின் 000-18 (ட்ரெட்நாட்ட விடச் சின்ன உடம்பு) எடுத்தா 24.9. அதே கம்பி, அதே சுருதின்னா 25.4-அ விட இழுவிசை 4 சதவீதம் குறையும். கம்பிய இழுத்து கமகம் கொண்டுவர நினைக்கிறவங்களுக்கு அந்த 4 சதவீதம் பெரிய உதவி.

இப்ப மரம். மஹோகனி, சப்பேலின்னா அடிச்ச சுரம் சட்டுனு வந்து சட்டுனு அடங்கும், ஒவ்வொரு சுரமும் தனியாக் கேக்கும். ரோஸ்வுட்ல கீழயும் மேலயும் கூடுதலா ஒலிச்சு, வால் நீளமா இழுக்கும். ஆனா சத்தத்துல பெரும்பங்கு மேல்பலகையும் அதுக்கு அடியில ஒட்டின ப்ரேஸிங் கட்டைகளும்தான். மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ்னா அழுத்தி அடிச்சாலும் கலங்காது. செடார் மெதுவா தொட்டாலே பேசும், ஓங்கி ஸ்ட்ரம் பண்ணா திணறும். சர்ச்சுக்கும் இதேதான்னா செடார விட்டுருங்க.

ரோஸ்வுட்னு இவங்க சொல்றது நம்ம தோதகத்தி, ஈட்டி மரம்தான். மார்ட்டின் 1969-ல பிரேசில் மரத்துலருந்து இதுக்கு மாறுனாங்க. மேற்குத்தொடர்ச்சி மலை மரம் மார்ட்டின் ஃபாக்டரி இருக்கிற பென்சில்வேனியா நாசரேத்துக்குப் போய் (தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் இல்ல) கிட்டாரா திரும்பி வருது, நாம லட்சக்கணக்குல கொடுத்து வாங்குறோம். பிரேசிலியன் ரோஸ்வுட்னு சொல்லி யாராவது பழசு வித்தா காகிதம் இல்லாம தொடாதீங்க, 1992-லருந்து அது சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு.

---

மேலூர்_பட்டறை:

வெயில் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பழுதுக்கு வரும் ஸாலிட் கிட்டாரில் அதுதான் முதல் காரணம்.

வெப்பத்தை விட முக்கியம் காற்றின் ஈரப்பதம். இந்தக் கிட்டார்களைச் செய்யும் பட்டறைகளில் 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்துத்தான் பலகையை ஒட்டுவார்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசி மதியத்தில் அது கீழே போகும். ஐப்பசி அடைமழையில் மேலே ஏறும். 50-லிருந்து 30-க்கு இறங்கி அங்கேயே நின்றால், 40 செ.மீ. அகல மேல்பலகை ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. சுருங்கப் பார்க்கும். விளிம்பு முழுக்க ஒட்டியிருப்பதால் சுருங்க இடமில்லை. முதலில் பலகை உள்வாங்கும், ஆக்‌ஷன் (கம்பி உயரம்) இறங்கி, கழுத்தில் பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் கம்பி உரசும். ஃப்ரெட்போர்டு ஒடுங்குவதால் ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையில் குத்தும். அதையும் கவனிக்காவிட்டால் விரிசல். லேமினேட்டில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் முதுகும் பக்கமும் இந்தப் பாடு படுவதில்லை.

மழைக்காலத்தில் தலைகீழ்: ப்ரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பி மாட்டும் கட்டை) பின்னால் வயிறு உப்பும், ஆக்‌ஷன் ஏறும், சத்தம் போர்வை போட்ட மாதிரி மந்தமாகும்.

செய்ய வேண்டியது: ஹார்ட் கேஸ், அதற்குள் ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி), 49 சதவீத இருவழி ஈரப்பதப் பைகள் (ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும்). கிட்டாரை வாசிக்காத நேரமெல்லாம் கேஸ் மூடியிருக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்டாண்டு நம் ஊருக்கு வேண்டாம். ஏசி அறையில் வெளியே வைப்பதும் வேண்டாம். ஏசி காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிடும், கூலிங் இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். பைகள் கல் மாதிரி இறுகினால் மாற்றுங்கள். கோடையில் சீக்கிரம் தீரும்.

ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பு, அது சேறு மாதிரி நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் பைக்குள் வைத்து 12 மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைவாகச் சொல்கிறது, அதைக் கூட்டிப் படியுங்கள்.

வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போவதற்கு மட்டும் எந்தப் பையும் உதவாது. உள்ளே 60 டிகிரியைத் தாண்டலாம், அந்தச் சூட்டில் பசை இளகி 70 கிலோ கம்பி இழுவைக்கு ப்ரிட்ஜ் பெயர்ந்து வரும்.

---

திருநகர்_சவுண்டு:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். சர்ச்சுக்கு இந்தப் புதுக் கிட்டார எடுத்துட்டுப் போகாதீங்க. மானிட்டர், ட்ரம்ஸ், கீபோர்டு எல்லாம் ஓடுற மேடையில டி-18-க்கும் எஃப்ஜி800-க்கும் உள்ள வித்தியாசம் நாலாவது வரிசைக்குக் கூடக் கேக்காது. நல்ல கிட்டார் லேசாத் தொட்டாலே அதிரும், அதனால ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் ஊளை) சீக்கிரம் வரும். எஃப்ஜி800-ல ஒரு பிக்கப் (அதிர்வ மின் சிக்னலா மாத்துறது) போட்டு மேடைக்கு வச்சுக்கோங்க.

கே அண்ட் கே ப்யூர் மினி மாதிரி ப்ரிட்ஜ் ப்ளேட்டுக்கு (ப்ரிட்ஜுக்கு நேர் கீழ உள்பக்கம் இருக்கிற பலகை) அடியில ஒட்டுற வகைன்னா பேட்டரி வேணாம், மரச் சத்தம் வரும். ஆனா நேரா மிக்ஸர் லைன் இன்புட்ல குத்துனா பேஸ் காணாமப் போயி தகரச் சத்தம்தான் வரும். அந்தப் பிக்கப்புக்கு 1 மெகாஓம் மின்தடை உள்ள இன்புட் வேணும், லைன் இன்புட் அதுல நூத்துல ஒரு பங்குதான் இருக்கும். நடுவுல ஒரு ப்ரீஆம்ப் டிஐ (சிக்னல மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) அவசியம். ஊளையிட்டா 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒடுக்கமா ஒரு வெட்டு, டிஐ-ல ஃபேஸ் சுவிட்ச் இருந்தா திருப்பிப் பாருங்க, சவுண்ட்ஹோலுக்கு ரப்பர் மூடி. இந்த மூணுல தொண்ணூறு சதவீதம் அடங்கும்.

மேடைக்கு வேற கிட்டார்னு ஆயிட்டா, 314சிஇ-ல பிக்கப்புக்குக் கொடுக்கிற காசும் மிச்சம். பிக்கப் இல்லாத 000 ஒண்ணு வாங்கிக்கலாம்.

---

ஆறாங்கம்பி:

மேடைக்குத் தனிக் கிட்டார், சரிதான். ஆனா ஒண்ணு அண்ணே, டெய்லர ஒதுக்கிராதீங்க. கழுத்து போல்ட்டுல நிக்கிறது, ஷிம் (மெல்லிய இடைத்தகடு) மாத்தி கோணத்தச் சீக்கிரம் திருத்திறலாம். மார்ட்டின் 18, 28 வரிசையில டவ்டெயில் இணைப்பு. கோணம் போச்சுன்னா ஆவி விட்டுக் கழுத்தக் கழட்டி, செதுக்கி, மறுபடி ஒட்டணும். பக்கத்துல அந்த வேலை தெரிஞ்ச ஆள் இல்லாத ஊருக்கு இது சின்ன விஷயமில்ல.

சென்னை நாள் பத்தி. காலையில வைகை ஏறுனா மத்தியானம் எழும்பூர், ராத்திரி பாண்டியன்ல திரும்பிறலாம். கேஸ அப்பர் பெர்த்துல தலைமாட்டுல வைங்க, சீட்டுக்கு அடியில தள்ளாதீங்க. கைல கொண்டுபோறது உங்க பிக், கேப்போ (கழுத்துல கம்பிய அமுக்குற கிளிப்), ட்யூனர், ஹைக்ரோமீட்டர், அப்புறம் எஃப்ஜி800. ஆமா, அதையும் தூக்கிட்டுப் போங்க. கடை ஹால்ல எல்லாமே நல்லாக் கேக்கும், தெரிஞ்ச கிட்டார் பக்கத்துல இருந்தாத்தான் காது ஏமாறாது. மொதல்ல ஒவ்வொண்ணுலயும் எந்தக் கம்பி, எத்தனை நாள் பழசுன்னு கேளுங்க. செத்த கம்பி போட்ட நல்ல கிட்டார் புதுக் கம்பி போட்ட சுமார் கிட்டார்கிட்ட தோத்துரும். அப்புறம் கடைக்காரர வாசிக்கச் சொல்லி ரெண்டு மீட்டர் தள்ளி உக்காந்து கேளுங்க. வாசிக்கிறவனுக்குக் கேக்கிறதும் எதிர்ல இருக்கிறவனுக்குக் கேக்கிறதும் வேற.

ஆக்‌ஷன் உயரமா இருக்குன்னு மட்டும் ஒரு கிட்டாரத் தள்ளாதீங்க, அது செட்டப்ல (கம்பி உயரத்தச் சீர் பண்ற வேலை) சரியாயிரும். செட்டப், கேஸ், ஈரப்பதப் பைக்குன்னு ஒரு 15,000 ரூபாய பட்ஜெட்டுல இப்பவே தள்ளி வச்சிருங்க.

---

வைகைத்தந்தி:

எல்லாருக்கும் நன்றி. 000-18 இல்லன்னா 314சிஇ-னு மனசு வந்திருச்சு. இதுக்கு நடுவுல திண்டுக்கல்ல ஒருத்தர் பழைய 000-18 விக்கிறார். பட்டறை அண்ணே, நேர்ல போனா எதெதப் பார்க்கணும்?

---

மேலூர்_பட்டறை:

கழுத்துக் கோணம் முதலில். அது கெட்டிருந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். சுருதி சேர்த்த பிறகு, நேரான ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் நடுவாக வைத்து ப்ரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை ப்ரிட்ஜின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், அல்லது மயிரிழை மேலே போகலாம். ப்ரிட்ஜின் முகத்தில் இடித்தால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே சேடில் (ப்ரிட்ஜில் கம்பி உட்காரும் பட்டை) ப்ரிட்ஜுக்கு மேல் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று பாருங்கள். 3-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 1.5 மட்டும் தெரிந்து ஆக்‌ஷனும் உயரமாக இருந்தால், இனி சீவ சேடிலே இல்லை. கழுத்தைக் கழட்டிக் கோணம் திருத்தும் நெக் ரீசெட் செலவு உங்கள் தலையில் விழும்.

ஆக்‌ஷன் 12-வது ஃப்ரெட்டில் அளக்க வேண்டும். தடித்த இ கம்பிக்கு அடியில் 2.4, மெல்லிய இ-க்கு 1.8 மி.மீ. என்றால் நல்ல நிலை. அங்கே அரை மி.மீ. இறக்க, சேடிலில் ஒரு மி.மீ. சீவ வேண்டும். ஆனால் சீவுவதற்கு முன் ரிலீஃப் (கழுத்தின் லேசான முன்வளைவு) பாருங்கள்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ, 14-வதில் விரல், ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி. ஒன்றிரண்டு தாள் நுழையும் அளவு. அதிகமென்றால் ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் வளைவைத் திருத்தும் உலோகத் தண்டு), மார்ட்டினில் சவுண்ட்ஹோல் வழியாக 5 மி.மீ. ஆலன் கீ, ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. அசையாத ட்ரஸ் ராடை முறுக்கிப் பார்க்கவே கூடாது. ட்ரஸ் ராடால் ஆக்‌ஷனை இறக்கப் பார்ப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு, கழுத்து பின்னால் வளைந்து முதல் ஐந்து ஃப்ரெட்டில் உரசலோடு வரும்.

ப்ரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், நுழைந்தால் பெயரத் தொடங்கிவிட்டது. விரல் முட்டியால் மேல்பலகையிலும் முதுகிலும் அங்கங்கே தட்டுங்கள். டொக் என்ற சத்தத்துக்கு நடுவே ஓரிடத்தில் கிடுகிடுவென்றால் ப்ரேஸ் விட்டிருக்கிறது. கம்பியைத் தளர்த்த அனுமதித்தால் சின்னக் கண்ணாடியும் போன் டார்ச்சும் உள்ளே விட்டு ப்ரிட்ஜ் ப்ளேட்டைப் பாருங்கள். கம்பி உருண்டைகள் ப்ளேட்டைத் தின்று பள்ளமாக்கியிருக்கக் கூடாது. முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் குழி ஆழமாக இருந்தால் ஃப்ரெட் வேலை செலவை விலையில் கழியுங்கள்.

ஒட்டிச் சரிசெய்த விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே முட்டுக்கட்டை வைத்து ஒழுங்காக ஒட்டியிருந்தால் நூறு வருஷம் நிற்கும். நெக் ப்ளாக்கில் (உடம்புக்குள் கழுத்து இணையும் கட்டை) முத்திரை குத்திய சீரியல் எண் இருக்கும், வருஷம் அதில் தெரியும். அவர் சொல்லும் வருஷத்தோடு பொருந்துகிறதா பாருங்கள்.

திண்டுக்கல் போகுமுன் அவரிடம் இரண்டு போட்டோ கேளுங்கள்: சேடில் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, ஃப்ரெட்போர்டு மேல் ஸ்கேலை நீட்டி ப்ரிட்ஜ் அருகே ஒன்று. இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.