'புர்ரோ': வெண்ணெயா, கழுதையா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்பானிஷ் படித்துவிட்டு இப்போது இத்தாலியன் தொடங்கியிருக்கிறேன். காலை உணவுப் பாடத்தில் 'பானே, புர்ரோ எ மர்மெல்லாத்தா' என்று வந்தது. ரொட்டி, ஜாம் சரி. நடுவில் கழுதை எங்கிருந்து வந்தது என்று அப்படியே நின்றுவிட்டேன். இத்தாலியனில் புர்ரோ என்றால் வெண்ணெயாம்! ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசிலும் கழுதை. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

தேடியதில் கிடைத்தது இது. வெண்ணெய்ச் சொல் கிரேக்க 'பூட்டிரோன்', அதாவது பசு, பாலாடைக்கட்டி என்ற இரு சொற்களின் சேர்க்கை. அது லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக இத்தாலியனுக்கு வந்திருக்கிறது. ஆங்கில 'பட்டர்' கூட இதே குடும்பம். கழுதையோ பிற்கால லத்தீனில் சிறு குதிரையைக் குறித்த 'புர்ரிக்குஸ்' வழி வந்தது. மெக்சிகோவின் ரொட்டிச் சுருள் உணவான புர்ரிட்டோவின் பெயருக்கும் 'குட்டிக் கழுதை' என்றுதான் பொருள். ஒட்டுறவே இல்லாத இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவில் நிற்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

வட இத்தாலியில் வசிப்பவர்கள் சொல்லுங்கள்: அங்குள்ள வட்டாரப் பேச்சில் வெண்ணெய்க்கு வேறு சொல் புழங்குகிறதா? போர்ச்சுகலில் இருப்பவர்களே, ஒருவரை 'புர்ரோ' என்றால் செல்லத் திட்டா, மனம் நோகுமா? இப்படி உருவம் ஒன்றாகவும் வேர் வேறாகவும் உள்ள சொற்கள் தெரிந்தாலும் எழுதுங்கள். ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.